டிராவல் டிரெய்லரின் வாலில் இன்னொரு டிரெய்லர் மாட்டலாமா?

அமெரிக்காவில் ஏரிகள் நிறைந்த மாநிலங்களில் கோடைக்காலத்தில் வாடிக்கையான காட்சி இது. முன்னால் பிக்கப் டிரக், நடுவில் கேம்ப்பிங் டிரெய்லர், அதன் பின்னால் படகு. தங்குமிடமும் படகும் ஒரே நடையில் போய்ச் சேர்ந்துவிடும், இன்னொரு டிரைவர் தேவையில்லை. பார்ப்பவருக்கு நாமும் செய்யலாமே என்ற ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த நடு வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முறையாக ஓட்டுபவர்களிடம் அது ஃபிஃப்த் வீல் வகையாக இருக்கும். அதாவது, டிரக்கின் பின்தட்டில், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே கிங்பின் எனும் இணைப்பு முளை உட்காரும் டிரெய்லர். டிரக்கின் பம்பருக்குக் கீழே ஹிட்ச் பால் எனும் இரும்பு உருண்டையில் மாட்டும் சாதாரண டிராவல் டிரெய்லர் வேறு வகை. அதன் பின்னால் இன்னொன்றைக் கோப்பதுதான் ஆபத்து.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். எல்லாம் ஏற்றிய பிறகு 6,000 பவுண்டு எடையுள்ள டிராவல் டிரெய்லர் ஒன்று. அதன் டங் வெயிட், அதாவது முன்மூக்கு டிரக்கின் பால் மேல் அழுத்தும் எடை, 720 பவுண்டு. மொத்தத்தில் 12 சதவீதம், நல்ல அளவு. இந்த வகைக்கு 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வண்டி வாலாட்டும். பாலைக் கவ்வும் முன்முனையான கப்ளரிலிருந்து ஆக்சில்களின் நடுப்புள்ளிவரை 16 அடி, அங்கிருந்து பின் பம்பர்வரை 10 அடி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 2,500 பவுண்டு படகு டிரெய்லரை மாட்டுகிறீர்கள். அதன் மூக்கு 250 பவுண்டு அழுத்துகிறது. ஆக்சில் நடுவில் நிற்கும் சீசா பலகை மாதிரிதான்: பின்னால் 250 அழுத்தினால், முன்னால் 250 × 10 ÷ 16 = ஏறக்குறைய 156 பவுண்டு தூக்கிவிடும். 720 இருந்த இடத்தில் 564. பின்சுமையையும் சேர்த்த எடைக்கு அது 9 சதவீதம்தான். ஆக்சிலுக்கும் டயருக்கும் 406 பவுண்டு கூடுதல் சுமை.

இது வண்டி சமதரையில் நிற்கும்போது வரும் கணக்கு. சாலை மேடுபள்ளத்தில் அந்த 250 ஒரே அளவில் நிற்காது. ஏறும், இறங்கும், அதற்கேற்ப முன்மூக்கின் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். இதோடு கழிவுநீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 30 கேலன் தண்ணீர் என்றாலே 250 பவுண்டு. தொட்டியைக் காலி செய்யாமல் முகாமிலிருந்து கிளம்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

‘வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டிருக்கிறேனே’ என்பது வழக்கமான பதில். டிரக்கின் பின் ஆக்சிலில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை அது முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும். குறைந்துபோன டங் வெயிட்டைத் திரும்பக் கொண்டுவராது. அந்த ஹிட்ச்சின் ஸ்பிரிங் பாரை இன்னும் இறுக்கினால் வண்டி மட்டமாக நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான்.

ஃபிஃப்த் வீலில் கதை வேறு. அதன் கிங்பின் டிரக்கின் மேல் அழுத்தும் எடை பெரும்பாலும் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தொடும். வாலில் கொஞ்சம் பறிபோனாலும் கையிருப்பு உண்டு. இணைப்பு டிரக்கின் ஆக்சிலுக்கு மேலேயே இருப்பதால், டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளினாலும் டிரக்கின் பின்பகுதியைத் திருப்ப அதற்குப் பிடிமானம் கிடைக்காது.

அடுத்தது பம்பர். டிராவல் டிரெய்லரின் பின்னால் இருக்கும் 4 அங்குலச் சதுரக் குழாயைப் பார்த்து உறுதியானது என்று நம்பிவிடுகிறார்கள். இரு முனையிலும் உள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் உள்ளே கழிவுநீர் ஹோஸ்தான் சுருட்டி வைத்திருக்கும். மெல்லிய தகட்டுக் குழாய் அது. ஃபிரேமின் நுனியில் சில அங்குல வெல்டிங்கில் தொங்குகிறது. ஸ்பேர் டயர் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதில் நட்டு போல்ட்டால் கவ்வும் ரிசீவர்கள், அதாவது ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழல்கள், கடையில் கிடைக்கும். அவை சைக்கிள் ஸ்டாண்டுக்கு, இழுப்பதற்கு அல்ல. இழுவிசை குழாயை முறுக்கும், முறுக்கு முழுவதும் வெல்டிங்கில் போய் நிற்கும்.

சரி, ஃபிரேமிலேயே ரிசீவரை வெல்ட் செய்துவிட்டால்? ஃபிரேமும் பின்னால் இழுப்பதற்காகக் கணக்கிடப்பட்டது அல்ல. ஆக்சில் ஸ்பிரிங்கை ஃபிரேமோடு பிடிக்கும் கடைசி ஹேங்கருக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி மேலும் கீழும் வளையத் தொடங்கும். அதற்கு அடையாளங்கள் உண்டு: ஹேங்கரை ஒட்டி பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு, அதில் துருக்கோடு, பின்மூலையில் சுவர்த்தகடும் தரையும் சேரும் இடத்தில் நகக்கண் அளவு இடைவெளி, ஸ்லைடு அவுட் (வெளியே நீளும் அறைப்பகுதி) ஒரு பக்கம் மட்டும் உரசுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பின்னால் எதையும் மாட்டாதீர்கள். தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெல்டிங்கைத் தொடவே கூடாது. வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் பிறகு அதுதான் கேள்வியாக வரும்.

இனி பிரேக். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், டிரக்கிலிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை மெல்ல அழுத்த வேண்டும். டிரெய்லர் மட்டும் பிரேக் பிடிக்கும்போது வண்டித்தொடர் இழுபட்டு நேராகும். ஒற்றை டிரெய்லரில் இது உயிர் காக்கும் முறை. பின்னால் பிரேக் இல்லாத இன்னொன்று இருந்தால் இதே முறை பாதகமாகும். நடு வண்டி வேகம் குறைக்கிறது, கடைசி வண்டி குறைப்பதில்லை. அது ஆக்சிலுக்கு 10 அடி பின்னால் வாலைப் பிடித்துத் தள்ளுகிறது. ஏற்கெனவே கோணலாக இருக்கும் வண்டியை அந்தத் தள்ளு முழுதாகத் திருப்பிவிடும். ஆகவே கடைசி டிரெய்லர் சின்னது என்பதால் பிரேக் வேண்டாம் என்ற வாதம் எடுபடாது.

எலக்ட்ரிக் பிரேக்கில் ஒரு சக்கரத்தின் காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும். இரட்டை ஆக்சில் டிரெய்லருக்கு 12, பின்வண்டிக்கு 6, ஆக 18 ஆம்பியர். உங்கள் கன்ட்ரோலர் எத்தனை பிரேக்குக்கு உரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயரும் முக்கியம். 14 கேஜ் வயரில் 60 அடி போய் 60 அடி திரும்பினால், அந்த 6 ஆம்பியருக்கு மட்டுமே ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். நடு வண்டி நன்றாகப் பிடிக்கும், கடைசி வண்டி சோம்பும், அதாவது மேலே சொன்ன ஆபத்து பாதியளவில் திரும்பி வருகிறது. பிரேக்குக்கும் எர்த்துக்கும் தடிமனான 10 கேஜ் வயர் தனியாக இழுத்தால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் நிற்கும். எர்த்தைக் கப்ளரின் இரும்பை நம்பி விடாதீர்கள். கைப்பிடியை முழுதாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, கடைசிக் காந்தத்தின் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வாலில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

படகு டிரெய்லர்கள் தண்ணீரில் இறங்குவதால் அவற்றில் சர்ஜ் பிரேக் அதிகம். அது முன்வண்டியைத் தள்ளினால்தான் பிடிக்கும். முதலில் தள்ளு, பிறகு பிரேக். இல்லாததற்கு இது மேல், ஆனால் எலக்ட்ரிக்குக்கு ஈடாகாது.

பின்வண்டி கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே கேபிளை நடு வண்டியின் ஃபிரேமில் மாட்ட வேண்டும். பாலிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டக் கூடாது. சங்கிலிகள் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். விளக்குகளுக்கு எல்இடி போட்டுவிடுங்கள். பழைய பல்புகள் இரட்டிப்பானால் டிரக்கின் ஃபியூஸ் போகும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் லைசென்ஸில் ஆர் என்ற தனி அனுமதி வேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு, மொத்த நீளம் 75 அடிக்குள் இருக்க வேண்டும். மினசோட்டாவில் 70 அடி. ஓட்டுபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். மினியாபொலிஸ்–செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியின் ஏழு மாவட்டங்களில் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 7 வரை ஓட்டக் கூடாது. இரண்டு மாநிலங்களிலும் நடு வண்டி ஃபிஃப்த் வீல் என்றுதான் சட்டம் எதிர்பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸில் ஒன்றுக்கு மேல் இழுக்கவே முடியாது. மாநில எல்லையைத் தாண்டினால் அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். போகும் வழியிலுள்ள ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு கிளம்புங்கள். நீளமும் எளிதில் மீறிவிடும்: 19 அடி டிரக், 30 அடி டிரெய்லர், 22 அடி படகு டிரெய்லர், கூட்டினாலே 71.

ரிவர்ஸ் எடுப்பதை மறந்துவிடுங்கள். இரண்டு மூட்டுள்ள தொடரைச் சில அடிகளுக்கு மேல் நேராகப் பின்னால் தள்ளுவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். பெட்ரோல் பங்க்கில் தவறான வரிசையில் நுழைந்தால் பின்வண்டியைக் கழற்றி, கையால் நகர்த்தித்தான் வெளியே வர வேண்டும். முகாமிலும் நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

சாதாரண டிராவல் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை: படகை இன்னொரு வண்டியில் இழுங்கள், அல்லது ஏரிக்கரையிலேயே வாடகைக்கு எடுங்கள். கயாக் என்றால் டிரக்கின் மேல் ராக் போதும். பைக், ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) என்றால் பின்கதவு சாய்தளமாக இறங்கும் டாய் ஹாலர் வாங்குவது இந்த வயரிங், வெல்டிங் செலவை விட நிம்மதி.

ஃபிஃப்த் வீலும் அனுமதியும் உள்ளவர்கள், முழுச் சுமையோடு டிரக் ஸ்டாப்பிலுள்ள கேட் ஸ்கேல் எனும் எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். டிரக்கின் இழுவை வரம்பு இரண்டு டிரெய்லருக்கும் சேர்த்துத்தான். பின்வண்டி கண்ணாடியில் தெரியாது என்பதால் கேமராவும் டயர் அழுத்த சென்சாரும் அவசியம். அதன் டயர் வெடித்தாலும் டிரக்கில் ஒன்றும் உணர முடியாது. முதல் 50 மைலில் நிறுத்தி வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். அப்போதே ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். 12 அங்குலச் சக்கரம் நடு வண்டியின் பெரிய சக்கரத்தை விட வேகமாகச் சுழல்வதால் அதன் பேரிங்தான் முதலில் சூடேறும். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்தி, கிரீஸையும் பேரிங் இறுக்கத்தையும் பார்க்காமல் நகரக் கூடாது.