திருக்கை குத்தினால் கயிறும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்

போன வாரம் இழுவைப் படகில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். பாதத்தில் திருக்கை மீனின் வால் முள் குத்தியிருந்தது. கணுக்காலுக்கு மேல் நைலான் கயிறு, சதைக்குள் புதையும் அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தது. காயத்தின் மேல் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்த பற்று, அதைச் சுற்றி ஐஸ் அள்ளிப்போட்ட சாக்கு. விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. கரைக்கு வந்து சேரும்வரை மணிக்கணக்கில் கத்திக்கொண்டே வந்திருக்கிறான். கூட வந்த பெரியவர் முதலில் கேட்டது இதைத்தான்: "ஐயா, பாம்புக்கடி ஊசி இருக்குங்களா?"

கடற்கரை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எல்லா டாக்டர்களுக்கும் பழகிப்போன கேள்வி. இனிமேலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

திருக்கை என்பது பாம்பு இல்லை. விஷப் பாம்புக்கு நச்சுப் பை உண்டு, பல்லும் அதற்கென்றே துளையோ பள்ளமோ உள்ள பல். திருக்கைக்குப் பையும் கிடையாது, பல்லிலும் விஷம் கிடையாது. செத்த திருக்கையின் வால் முள்ளைக் கவனமாகத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடும். நச்சு சுரக்கும் சதை அங்கேதான் இருக்கிறது. முள்ளை ஒரு மெல்லிய தோல் உறை மூடியிருக்கும். குத்தும்போது உறை கிழிந்து, நச்சும் சளியும் உறைத் துணுக்குகளும் காயத்துக்குள் இறங்கும். முள்ளின் இரண்டு விளிம்பிலும் ரம்பம் போலப் பற்கள், அதுவும் பின்னோக்கி. அதனால் உள்ளே போகும்போதைவிட வெளியே வரும்போதுதான் அதிகம் கிழிக்கும். சில மீனுக்கு இரண்டு முள்கூட இருக்கும். ஒடிந்தால் மறுபடி முளைக்கும்.

பெரும்பாலும் இந்த நச்சு குத்திய இடத்தைத்தான் வதைக்கிறது. அப்படியிருக்க, கயிறு கட்டி எதைத் தடுக்கிறீர்கள்? காலுக்குப் போகிற ரத்தத்தை! பாம்புக்கடி ஊசி பாம்பு விஷத்துக்கு மட்டும்தான். திருக்கைக்கென்று அப்படி ஒரு முறிமருந்து புழக்கத்திலேயே இல்லை. "இருந்தும் போட மாட்டேங்கிறாங்க" என்று நர்ஸோடு சண்டை போடாதீர்கள்.

ஐஸ் விஷயம் எனக்குப் புரிகிறது. படகில் ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கை தானாக அங்கே போகிறது. ஆனால் வேண்டியது நேர் எதிரானது, வெந்நீர். இந்த நச்சு சூடு தாங்காத புரதம். காயத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வையுங்கள். ஆற ஆற வெந்நீர் சேருங்கள், சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிடுங்கள். சூட்டை அடிபடாத காலால் பார்க்க வேண்டும், குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. கொதிநீரில் காலை விட்டு வெந்துபோய் வந்தவர்களும் உண்டு. அந்தப் பையனின் கயிற்றை அவிழ்த்து, பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது, குடிக்கத் தண்ணீர் கேட்டான். டீ போடுகிற அடுப்பு படகிலேயே இருந்ததாம். அந்த வலியை அவன் கடலிலேயே தணித்திருக்கலாம்.

திருக்கை யாரையும் துரத்திக் குத்தாது. மணலில் புதைந்து, கண்ணையும் அதன் பின்னால் இருக்கிற மூச்சுத் துளையையும் மட்டும் வெளியே வைத்துப் படுத்திருக்கும். மிதித்தால் வால் மேல்நோக்கிச் சுழன்று அடிக்கும். ஆகவே ஆழமில்லாத கடலில் காலைத் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள், விலகிப் போய்விடும். செருப்பையும் முள் துளைக்கும், அதை நம்பாதீர்கள். வலையில் வந்ததைக் காலால் தள்ளாதீர்கள், கம்பால் தள்ளுங்கள். குட்டி என்று அலட்சியம் வேண்டாம். செத்த திருக்கையின் முள்ளும் குத்தும், சந்தையில் மீன் வெட்டுகிற அக்காமார் விரலில் குத்து வாங்கி வருவது அதனால்தான். அப்புறம், ஒடித்த முள்ளைக் கரையில் வீசாதீர்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம்.

மார்பு, வயிறு, கழுத்தில் முள் நின்றால் பிடுங்கவே கூடாது. அசையாமல் பிடித்து, அப்படியே கொண்டு வாருங்கள். 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில், டிவியில் முதலைகளோடு வந்து புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்தான்.

வலி போனதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், டிடி ஊசி போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் குடியால் ஈரல் கெட்டவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விப்ரியோ போன்ற கடல்நீர்க் கிருமிகள் அவர்கள் உடம்பில் மளமளவென்று பரவும். சிவப்பு படர்ந்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ நடுராத்திரி ஆனாலும் வந்துவிடுங்கள். காயத்தைத் தைக்காமல் திறந்து விட்டிருந்தால் அது அலட்சியம் இல்லை. உள்ளே சீழ் கட்டக்கூடாது என்றுதான் அப்படி விடுகிறோம்.