செவிப்பறைக்கு அப்பால் எண்ணெய் போகாது

மளிகைக் கடைக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது, கூடவே ‘ஙொய்’யென்று இரைச்சல். வலி இல்லை. அழுக்குத்தான் என்று நினைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தினமும் நான்கு சொட்டு விட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது பதினெட்டு நாள் கழிந்திருந்தது.

தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையான 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நடுநெற்றியில் வைத்தேன். எந்தக் காதில் கேட்கிறது என்று கேட்டதற்கு, நல்ல காதைத் தொட்டுக் காட்டினார். எனக்கு மனம் கனத்துவிட்டது. அழுக்கு அடைத்திருந்தால், அடைத்த காதில்தான் ஒலி கூடுதலாகக் கேட்டிருக்கும். அவருக்குப் பழுது செவிப்பறைக்கு அப்பால், கேட்கும் நரம்பு இருக்கும் உட்செவியில். திடீரென வரும் இந்தக் கேட்புக் குறைவுக்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாள்களிலேயே தொடங்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. மருந்து கொடுத்தோம். கேட்கும் திறன் கொஞ்சம்தான் மீண்டது. இப்போது போனை வலது காதில் வைத்துப் பேசுகிறார்.

காதுத் துளையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதன் முடிவில் செவிப்பறை. ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் ஒரு சொட்டும் நரம்புப் பக்கம் போகாது. ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வழி செய்யும். ஈரமும் எண்ணெயும் ஊறிய காதில் பூஞ்சை வளர்வதையும் பார்க்கிறேன்: நனைந்த செய்தித்தாள் போன்ற சாம்பல் நிறப் படலம், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள்.

பாட்டி வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. காதுக்குள் எறும்போ பூச்சியோ புகுந்தால், செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர்கள் எண்ணெய் விடுவது நல்ல முதலுதவி. பூச்சியின் துடிப்பு அடங்கும். பிறகு நாங்கள் எடுத்துவிடுவோம்.

ஒரு காது திடீரென அடைத்தால், வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். நல்ல காதில் ஒலி கூடுதலாகக் கேட்டால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அடைத்த காதில் கேட்டால் பெரும்பாலும் அழுக்கு, சளி போன்ற தடைதான்; அப்போதும் ஊக்கையோ பட்ஸையோ தொடாமல், ஓரிரு நாளில் வந்து காட்டுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழம்பினாலும் அன்றே வந்துவிடுங்கள்.