ட்ரேட்டன் மாளிகையின் சுண்ணாம்புச் சுவர்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஆஷ்லி ஆற்றங்கரையில் ட்ரேட்டன் ஹால் என்னும் செங்கல் மாளிகை நிற்கிறது. ஜான் ட்ரேட்டன் இந்த நிலத்தை 1738-இல் வாங்கினார். கூரை மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில், அவை 1747–48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை எனத் தெரியவந்தது. ஏழு தலைமுறைகள் அக்குடும்பத்திடமே இருந்த இவ்வீடு, 1974-இல் வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தபோதும், அதற்குள் குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ நுழைந்திருக்கவில்லை. புதுப்பிக்காமல், கிடைத்த நிலையிலேயே காப்பது என்று அறக்கட்டளை எடுத்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். பழைய சுவர் ஒன்று எப்படி இயங்குகிறது என்பதை ஒப்பனை ஏதுமின்றி அங்கே பார்க்க முடிகிறது.

வெயிலும் புழுக்கமும் நிறைந்த தாழ்நிலம் அது. எனவே வாழும் அறைகளை ஈரத் தரையிலிருந்து உயர்த்தி, அடித்தளத்தை ஒரு தனி நிலையாகவே கட்டினர். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணியைத் தழுவிய இரண்டடுக்குத் தூண் முகப்பு, பாதி சுவருக்கு வெளியே நீண்டும் பாதி உள்ளே அமிழ்ந்தும் இருப்பதால், கதவின் மேல் வெயில் நேராக விழுவதில்லை.

என்றாலும், சுவரின் உண்மையான நுட்பம் செங்கற்களை இணைக்கும் காரையில்தான் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் குடியேறியவர்களுக்குச் சுண்ணாம்பு பெரும்பாலும் கடற்சிப்பி ஓடுகளிலிருந்து கிடைத்தது. கால்சியம் கார்பனேட்டால் ஆன ஓடுகளைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கார்பன் டை ஆக்சைடு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்; அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும்; மணலோடு குழைத்துச் சுவரில் வைத்த பிறகு, அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஈர்த்து மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். சிப்பி தன் உடலைக் காக்கக் கட்டிய பொருளே, சுற்றி வந்து வீட்டைக் காக்கும் பொருளாகிறது.

விறகுச் சூளையில் வெப்பம் எங்கும் ஒரே சீராகப் பரவாது. நெருப்பை ஒட்டியிருந்த செங்கல் கெட்டியாகவும், தள்ளியிருந்தது மென்மையாகவும் வேகும். இரண்டிலும் நுண்துளைகள் உண்டு என்பதால், தரையிலிருந்து ஓதம் ஏறுவதை முற்றிலும் தடுக்க இயலாது. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது, நீராவியை எளிதில் வெளியே விடக்கூடியது. ஆகவே ஏறிய ஈரம் இணைப்புகளின் வழியே ஆவியாகிறது; அதோடு வரும் உப்பு செங்கல்லில் பூக்காமல் பெரும்பாலும் காரையிலேயே பூக்கிறது. சுவர் சற்று அசைந்தாலும் விரிசல் காரையில் விழும், கல் தப்பிக்கும்.

இவ்வீட்டை எழுப்பியதில் ஐரோப்பியக் கைவினைஞர்களோடு, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் திறமையும் கலந்திருந்தன. ட்ரேட்டனின் மற்ற தோட்டங்களில் நெல்லும் கால்நடையும் வளர்த்து, இம்மாளிகைக்கான செல்வத்தை ஈட்டித் தந்தவர்களும் அடிமைகளே. அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் அடங்கிய கல்லறைத் தோட்டம் இவ்வளாகத்திலேயே உள்ளது. மாளிகையின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

மாளிகையின் இருபுறமும் முன்பு துணைக் கட்டடங்கள் இருந்தன. 1886 ஆகஸ்ட் 31 அன்று சார்ல்ஸ்டனை உலுக்கிய நிலநடுக்கத்தில் சலவைக் கட்டடமும், 1893 சூறாவளியில் சமையற்கட்டும் அழிந்தன. நடு வீடு தப்பியது.

இத்தகைய சுவரைப் பழுது பார்க்கும்போது சிமெண்டுப் பூச்சு பெருந்தீங்கு செய்கிறது. சிமெண்டு இந்தச் செங்கல்லைவிடக் கெட்டியானது. ஈரத்தை வெளியே விடாது. வழியடைபட்ட ஈரம் செங்கல்லின் முகத்தையே தேடிப் போக, அங்கே உப்பு படிகமாகி விரிந்து, கல்லின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிர்கிறது. அதனால்தான் பழங்கட்டடக் கொத்தனார்கள் தேய்ந்த காரையைக் கையாலேயே சுரண்டி எடுத்து, பழையதைப் போன்ற மணலும் சுண்ணாம்பும் கலந்த சாந்தை இணைப்புகளில் அழுத்தி நிரப்பி, வேகமாகக் காய்ந்துவிடாதபடி ஈரச் சாக்கால் மூடிவைக்கிறார்கள்.