ஏரேஷன் டேங்கில் பிளீச்சிங் பவுடர் கொட்டாதீர்கள்

சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் மறுபடியும் அதே கூத்து. அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்.டி.பி.யில், அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், நாற்றம் என்று புகார் வந்ததும், கழிவுநீருக்குக் காற்றூதும் ஏரேஷன் டேங்கில் மூட்டையோடு பிளீச்சிங் பவுடர் கொட்டியாயிற்று. இரண்டு நாள் அடங்கிய நாற்றம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது.

டேங்கில் சுழலும் பழுப்புச் சேற்றை அழுக்கு என்று நினைப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். சேறே பாக்டீரியாதான். உங்கள் கழிவைத் தின்று நீரைத் தெளிய வைப்பது அதுதான். கிருமியைக் கொல்லும் என்றுதானே பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரினை வாங்குகிறோம்? இது நமக்கு உழைக்கும் கிருமி என்று அதற்குத் தெரியுமா? குளோரின் போட வேண்டியது கடைசியில், ஃபில்டரைத் தாண்டிய நீரில் மட்டும். கழிப்பறை ஆசிட்டையும் பினாயிலையும் கேன் கேனாக ஊற்றினாலும் இதே கதிதான். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். செத்துப்போனால் தேற வாரக்கணக்காகும். பாக்டீரியா என்று விற்கும் கல்ச்சர் பவுடர் பாக்கெட்டை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.டி.பி.யின் சேற்றை லாரியில் கொண்டுவந்து விடுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. கரன்ட் பில்லுக்குப் பயந்து இரவில் காற்றூதும் ப்ளோயரை நிறுத்தாதீர்கள். அதற்கு ஜெனரேட்டர் இணைப்பும் கொடுங்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குமிழி ஒரு மூலையில் மட்டும் கொப்பளித்தால், காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் கிழிந்திருக்கும்.

தினமும் ஒரே ஒரு சோதனை போதும். ப்ளோயர் ஓடும்போதே 1 லிட்டர் சிலிண்டரில் டேங்க் நீரை மொண்டு, 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். 300 மில்லி அளவில் சேறு படிந்து மேலே தெளிந்தால் நலம். 100-க்கும் கீழே போனால் படிந்த சேற்றை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்பைப் பாருங்கள். 600-ஐத் தாண்டினால் அதே நீரில் பாதிக்குப் பாதி தெளிந்த நீர் கலந்து மறுபடி வையுங்கள். சட்டென்று படிந்தால் சேறு மிகுதி, வெளியேற்றலாம். அப்போதும் படியாவிட்டால் சேற்றைப் படியவிடாத, நூல் போல நீளும் இழை பாக்டீரியா பெருகியிருக்கிறது. அதற்குச் சேற்றை அள்ளுவது மட்டும் மருந்தாகாது.

மைக்ரோஸ்கோப் இருந்தால் ஒரு சொட்டு பாருங்கள். மணி போன்ற தலையும் ஸ்பிரிங் போலச் சுருங்கி விரியும் காம்புமாக வோர்டிசெல்லா என்ற நுண்ணுயிர் தெரிந்தால் டேங்க் ஆரோக்கியம். தலை கழன்று காம்பு மட்டும் நின்றால் விஷம் ஏதோ இறங்கியிருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. நாற்றம் வருமுன்னே இது சொல்லிவிடும்.

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் அரைகுறையாய்ச் சுத்திகரித்த நீர் வடிகால் வழியே அங்கேதான் போகிறது.

சேறு கறுத்துவிட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், யாரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயுவில் மூக்கு மரத்துவிடும். வாடை குறைந்ததே என்று இறங்குபவர் ஏறி வருவதில்லை. வெளியே நின்றே பம்ப் வைத்து இறையுங்கள்.