நொய்ய: பஞ்சுக்கனத்துக்கு ஒரு சொல்

துணிக்கடையில் ‘லைட்வெயிட் பட்டு’, நகைக்கடையில் ‘லைட்வெயிட் ஆரம்’. கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் ‘பஞ்சு மாதிரி இருக்கே’ என்பார்கள். அந்தப் பஞ்சுக்கனத்தைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் உண்டு: நொய்ய.

நொய், நொய்து, நொய்ம்மை எல்லாம் ஒரே குடும்பம். அரிசியில் உடைந்து பொடியானது நொய். நொய்க்கஞ்சி குடித்தவருக்கு இந்த வேர் பழக்கமானதுதான். தொடு உணர்வை எட்டாக எண்ணிய இலக்கண உரைகாரர்கள், மென்மைக்கு ஓரிடம், நொய்ம்மைக்கு வேறோர் இடம் என்று கொடுத்தார்கள். எவ்வளவு கூர்மையான பிரிப்பு! வெண்ணெய் மென்மையானது, ஆனால் நொய்யதல்ல. காய்ந்த சருகு நொய்யது, மென்மையானதல்ல.

இச்சொல்லை உச்சத்தில் வைத்தவர் கம்பர். தம் இராமகாதையின் அவையடக்கத்தில் ‘நொய்தின் நொய்யசொல் நூற்கலுற்றேன்’ என்கிறார். கனமற்றதிலும் கனமற்ற சொற்களால் பாடத் தொடங்கிவிட்டேனே என்பது கருத்து. அடுத்த அடியிலேயே இராமன் அம்பு துளைத்த ஏழு மராமரங்கள் வந்து நிற்கின்றன. அவற்றின் பருமனுக்கு எதிரே வைத்த பிறகுதான் ‘நொய்ய’ என்பதன் முழு அளவும் நமக்குப் பிடிபடுகிறது. ‘நூற்றல்’ என்ற வினையோ பஞ்சையும் நூலையும் கண்முன் கொண்டுவருகிறது. எனக்கு அலுக்காத அடி இது.

பேச்சில் நாம் சொல்லும் ‘லேசு’, சிறுதுளி என்று பொருள்படும் ‘லேச’ என்ற வடசொல்லின் வழி வந்தது. இலகுரக வாகனம், இலகுரகப் போர் விமானம் என்பவற்றின் ‘இலகு’, வடமொழி ‘லகு’. பழம்பாடல்களில் வரும் ‘இலகு’ வேறு. அது ஒளிர்தலைக் குறிக்கும் தமிழ் வினை. இலங்கைத் தமிழர் ‘இலகுவாக’ என்றால் எளிதாக என்று பொருள். நம் ‘லேசுல விடமாட்டான்’ என்பதிலும் அதே நகர்வுதான். நொய்தும் அப்படியே: ‘நொய்தின்’ என்றால் எளிதாக, விரைவாக.

லேசு வீட்டுச் சொல்லாகிவிட்டது, இருக்கட்டும். ‘லைட்வெயிட்’ இருக்கும் இடத்தில் நொய்யவை வைத்துப் பார்க்கலாம்: நொய்ய பட்டு, நொய்ய ஆரம். ஆனால் நொய்ம்மைக்குத் தளர்ச்சி என்ற பொருளும் உண்டு. அதனால் சுவர் கட்டும் கல்லை நொய்ய கல் என்று விற்க முடியாது. அங்கே ‘எடை குறைந்த கல்’ போதும்.