நல்ல டீச்சர் மாறுதலில் போன பிறகு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆனதும் எங்கள் பயிற்சி அறை வாசலில் கூட்டம் கூடிவிடும். "பழையபடி ஆரம்பிச்சிட்டான் மேடம்" என்று வருகிற பெற்றோர்தான் அதில் பாதி. நான் பேச்சுப் பயிற்சியாளர். ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம், காது கேளாமை உள்ள சின்னப் பிள்ளைகளோடு 14 வருடமாக வேலை. ஜூன் கூட்டத்துக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே இருக்கட்டும். ஆறு வயது, ஆட்டிசம், அரசு தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு முடித்திருந்தான். தம்பிக்கு மணிச் சத்தம் ஆகாது. அந்தப் பள்ளியில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். முதல் வகுப்பு டீச்சர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மணி அடிக்கப் போகிற நேரத்தில் அவனைக் கூட்டிப்போய் மணி அடிக்கிற பெரிய பையன் பக்கத்தில் நிறுத்திவிடுவார். கை ஓங்குவது கண்ணுக்குத் தெரியும், சத்தம் வரப்போவது முன்கூட்டியே தெரியும். காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். நான் சொல்லிக் கொடுத்த வைத்தியம் இல்லை, அந்த டீச்சரே கண்டுபிடித்தது.

கலந்தாய்வில் அவர் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வாங்கிப் போனார். இரண்டாம் வகுப்பில் புது டீச்சர். முதல் நாள் மணி அடித்ததும் தம்பி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். வெளியே இழுக்கப் போன பையனைக் கடித்துவிட்டான். நாலாவது நாள், "டிசி வாங்கிட்டு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்க, அவனுக்கும் அதான் நல்லது" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஸ்கூலுக்கு எல்லாம் தெரியுமே மேடம், போன வருஷமே சொல்லியிருந்தேனே" என்றார் அம்மா.

பள்ளிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது அந்த ஒரு டீச்சருக்கு. அவர் போனபோது மணி விஷயமும் அவரோடு போய்விட்டது. கோப்பைத் திறந்து பார்த்தால் தம்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புது டீச்சரைக் குறை சொல்லி என்ன பயன்? 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவர், ஒருவன் ஏன் மேசைக்கு அடியில் போகிறான் என்று ஊகித்தா கண்டுபிடிப்பார்?

எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்திருந்தார், கைப்பையில் நகலும் இருந்தது. "என் மகன் மற்ற பிள்ளைகளைப் போல் இல்லை. தாங்கள் தாய்போல் இருந்து அவனைப் பார்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் என்ன செய்வார்? செய்வதற்கும் ஒன்றும் இல்லை, மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒரு வரியை எழுதிவிட்டு, இதற்கு "சரி" என்றோ "முடியாது" என்றோ ஒருவர் பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அது வேண்டுதல்தான், கோரிக்கை ஆகாது.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். மேலே பையனின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவனுக்குள்ள எண்), மருத்துவமனை என்ன சொல்லியிருக்கிறது என்று மூன்று வரி. அப்புறம் இப்படிப் போனது: "ஒவ்வொரு மணிக்கும் இரண்டு நிமிடம் முன்பு அவனிடம் சொல்ல வேண்டும், முடிந்தால் மணி அடிப்பவர் அருகில் நிறுத்த வேண்டும். கரும்பலகைக்கு நேராக, வாசலை விட்டுத் தள்ளி, முதல் வரிசையில் இடம் தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் படம் போட்ட அட்டை கொடுத்து அனுப்புகிறேன். அதைக் காட்டினால் போக விட வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாளில் வருவார் என்று தெரிவிக்க வேண்டும். இந்த ஏற்பாடுகளைத் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதி எனக்கு ஒரு நகல் தர வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கலந்து பேச ஒரு தேதி தர வேண்டும்."

மொத்தம் ஒரு பக்கம். தனிநபர் கல்வித் திட்டம் என்பது அந்த ஒரு பிள்ளைக்கென்று எழுதி வைக்கிற கற்பித்தல் திட்டம். வட்டார வள மையம் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவுகிற கல்வித் துறை அலுவலகம்; சிறப்புப் பயிற்றுநர் அங்கிருந்துதான் வருவார். இதில் காசு செலவாகிற விஷயம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கடிதத்தில் தனி ஆசிரியர், தனி அறை என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். "முத்திரை எதுக்கும்மா, நம்ம ஸ்கூல்தானே" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள். எவ்வளவு கேட்டும் தரவில்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்துவிடுங்கள். தேதியில்லாத கடிதம் மேலே போகும்போது உதவாது.

இதெல்லாம் சலுகையா, உரிமையா என்று அம்மா கேட்டார். உரிமைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். மெட்ரிக், சிபிஎஸ்இ எல்லாம் இதில் அடக்கம். பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்ய வேண்டும், அந்தப் பிள்ளைக்கென்று ஆதரவு தர வேண்டும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். தனிநபர் கல்வித் திட்டம் என்ற பெயர் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் எழுதி வைக்காமல் இதையெல்லாம் எப்படிக் கண்காணிப்பார்கள்?

'டிசி வாங்கிக்கோ' என்பதற்குப் பதில் இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது. அதுவும் பிரிவு 16தான். நினைவில் வைத்துக்கொள்ள வசதி. சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டினால் அதே சட்டத்தின் பிரிவு 13-இன்படி முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். இதை முதல் சந்திப்பிலேயே எடுத்து வீசாதீர்கள். தெரிந்து வைத்திருந்தால் போதும், குரலில் ஒரு தைரியம் வரும்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். இங்கேதான் பெற்றோரைச் சுற்றலில் விடுகிறார்கள். "40 சதவீதம்னு அட்டை வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற கணக்கு எதற்கு வருகிறதென்றால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுகிற பிரிவு 31, இட ஒதுக்கீடு மாதிரியான பலன்கள், இவற்றுக்கு. மேலே சொன்ன பிரிவு 16-இல் சதவீதமே கிடையாது. முதல் வரிசையில் உட்கார வைக்க எதற்குச் சதவீதம்?

படிப்பதில், எழுதுவதில் மட்டும் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றல் இன்னும் கொடுமை. மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறைப்படி கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது நிரம்பிய பிறகுதான் சான்றிதழ் தருவார்கள். ஆறு வயதுப் பாப்பாவுக்குச் சான்றிதழ் கேட்டால் அம்மா எங்கே போவார்? அந்த இரண்டு வருடத்தையும் கடிதத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அதற்காகச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மருத்துவக் குழு உட்காரும்; எந்த நாள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுக்கொண்டு போங்கள். பசியோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளை உள்ளே போய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பிஸ்கட், தண்ணீர், அவனுக்குப் பிடித்த பொம்மை. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டையும் இதன் வழியாகத்தான் வரும். நம் அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வைத்த பெயரோ. முதல் தடவை அதைப் படித்துவிட்டு அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை. படிவத்துக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

அரசுப் பள்ளியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியம் தோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். வட்டார வள மையத்தில் தேதி கேட்டு வையுங்கள். உபகரணங்கள், போக்குவரத்துப் படி எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். அப்படியே எமிஸ் பதிவில் பிள்ளை சிறப்புத் தேவையுள்ளவராகக் குறிக்கப்பட்டிருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பதிவில் இல்லாத பிள்ளையைத் தேடி சிறப்புப் பயிற்றுநர் வரமாட்டார். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, மத்திய அரசு 2022-இல் விதி வகுத்திருக்கிறது. நான் பார்க்கிறவர்கள் பள்ளி பள்ளியாக டூவீலரில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. ஒரு பள்ளியில் எனக்குக் காட்டிய திட்டத்தில் மூன்றாவது பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயர் இருந்தது. பேச்சு வராத பாப்பாவுக்கு, 'கூட்டத்தில் தைரியமாகப் பேசப் பழக்குதல்' என்று இலக்கு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். அம்மா படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு ஒத்துக்கொள்கிறேன். பல வருடம் ஆறு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண், அட்டவணை, சிகிச்சைப் பெயர்கள். ஒரு டீச்சர்தான் ஒருநாள் கேட்டார்: "மேடம், இதுல நான் நாளைக்குக் காலையில என்ன செய்யணும்?" பதில் அதில் இல்லை. இப்போது பள்ளிக்கு ஒரே பக்கம், தமிழில். உங்கள் மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ இதைத் தயங்காமல் கேளுங்கள். டீச்சருக்கு ஒரு பக்கம் தனியாக வேண்டும் என்று.

சந்திப்புக்குப் போகும் நேரமும் முக்கியம். காலைப் பிரார்த்தனை நேரத்தில் போய் நின்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பள்ளி விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் போங்கள். தனியாகப் போகாதீர்கள். அப்பா வந்தால் நல்லது. வேலையை விட முடியவில்லையென்றால் சித்தியோ மாமாவோ வரட்டும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. என்ன முடிவானது என்பதை அன்றே தேதி போட்டு எழுதி, அடுத்த நாள் டீச்சருக்கு வாட்ஸ்அப்பில், "நேற்று இப்படிப் பேசினோம், சரிதானே டீச்சர்?" என்று மரியாதையாக அனுப்பி வையுங்கள்.

பதிலே வரவில்லையென்றால் ஒரு மாதம் பார்க்கலாம். பிறகு அரசு தொடக்கப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கிற மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவர் ஒரு பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒழுங்கான கடிதம் கையில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றியத்தைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதில்லை, நான் பார்த்தவரை.

பள்ளியைவிட வீட்டில்தான் பல சமயம் எதிர்ப்பு. "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், இப்ப எதுக்கு எழுதிக் கொடுத்து முத்திரை குத்துறீங்க" என்று தாத்தா கேட்பார். தம்பி வீட்டிலும் கேட்டார். நான் அவரிடம் வாதாடவில்லை. பள்ளியில் ஏற்கெனவே அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், 'கடிக்கிற பையன்' என்று. அதற்குக் கடிதமே தேவைப்படவில்லை. அதை மட்டும் சொன்னேன்.

தலைமையாசிரியர் முத்திரை போட்டுக் கொடுத்தார். பொறுமையாகப் படித்தபிறகு, மணிக்குப் பயப்படுகிறான் என்று யாருமே என்னிடம் சொல்லவில்லையே என்றாராம். டிசி பேச்சு அதோடு நின்றது. சிறப்புப் பயிற்றுநர் மாதம் இரண்டு தடவை வந்தார். கழிப்பறை அட்டையை அவன் அந்த வருடம் மூன்று தடவை தொலைத்தான். அம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்து கொடுத்தார்.

இப்போது மூன்றாம் வகுப்பு. மறுபடி புது டீச்சர். பள்ளி திறப்பதற்கு முதல் வாரமே அம்மா பழைய கடிதத்தோடு வந்துவிட்டார், தேதியை மாற்றி எழுத. முதல் வரியில் விரல் வைத்து, "இப்பல்லாம் மணி அடிச்சா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல மேடம், இதை எடுத்துடலாமா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்றேன்.