டீக்கடைப் புகையும் தாத்தாவின் எலும்பும்: 2003 சட்டத்தில் என்ன இருக்கிறது?

சிகரெட்டும் பீடியும் புகைக்காதவருக்கும் அடுத்தவர் விடும் புகையால் எலும்பு பலவீனமாகலாம். நிகோடின் எலும்பைக் கட்டும் செல்களை மந்தமாக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகைப்பவருக்கு நேரும் இதே பாதிப்பு, அளவில் குறைவாக, பக்கத்தில் இருப்பவருக்கும் வரலாம். அடுத்தவர் விடும் புகைக்கும், எலும்பு அடர்த்தி குறைவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பெண்களிடம் நடந்தவை. அதற்காக, ஆண்களிடமும் ஆய்வு நடக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இடுப்பு எலும்பு முறிந்தால், அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் ஆபத்து பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம்.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 4ஆவது பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. 2008 அக்டோபர் 2இல் அமலான விதிகள் அதை இறுக்கின. ஹோட்டல், காபிக் கடை, கேன்டீன், அலுவலகம், மருத்துவமனை, நூலகம், பேருந்து எல்லாம் தடைக்குள் வரும். திறந்தவெளிதான் என்றாலும் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் தப்பாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

பலரும் கவனிக்காதது கடைக்காரரின் பொறுப்பு. வாசலில் குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டரில் 'புகைபிடிக்கக் கூடாது' பலகை வைக்க வேண்டும், புகாரை யாரிடம் சொல்வது என்ற பெயரும் அதில் இருக்க வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைக்கக் கூடாது. டீக்கடையில் கயிற்றில் தொங்கும் அந்த லைட்டரே விதிமீறல்தான். 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் புகைக்கத் தனி அறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு பக்கமும் முழுச்சுவர், தானாக மூடும் கதவு, புகையை நேரே வெளியே தள்ளும் ஏற்பாடு வேண்டும். திரைச்சீலை போட்ட மூலை செல்லாது.

புகார் சொல்லும்போது இடம், நேரம், எத்தனை பேர் புகைத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிவித்த பிறகும் அந்த இடத்தின் பொறுப்பாளர் சும்மா இருந்தால், எத்தனை மீறலோ அத்தனை அபராதம் அவர்மேல் விழும். அதனால்தான் எண்ணிக்கை முக்கியம். அடுத்து, சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியிடம் போகலாம். ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லலாம்.

வீட்டுக்குள் இந்தச் சட்டம் வராது. மகன் ஹாலில் புகைத்தால் கேட்க அதிகாரி யாரும் இல்லை. ஜன்னலைத் திறப்பதோ ஃபேன் போடுவதோ போதாது, வாசலைத் தாண்டி வெளியே போய்ப் புகைக்கச் சொல்வதுதான் ஒரே வழி. அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது 'புகைப்பாரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எலும்பு முறிவு ஆபத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் முறையில் அடுத்தவர் புகைக்கு இடமே இல்லை, ஆகவே வீட்டில் யார் எவ்வளவு புகைக்கிறார் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். மூச்சிரைப்புக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மகன் விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.